விதியும் காட்டும்



ஒருவரைக் கொண்டு ஒரு செயலைப் பிழையின்றி முடித்துக்கொள்ள வேண்டுமாயின், அவருக்கு இடும் கட்டளை தெளிவாக இருத்தல் வேண்டும். கேட்பவர் மனிதராயின், கட்டளையில் சிறு குறை இருந்தாலும் தம் அறிவால் அதனை நிரப்பிக்கொள்வார். "விருந்தினருக்குத் தண்ணீர் கொடு" என்றால் குவளையில் கொண்டுவந்து கொடுப்பாரேயன்றி, குடத்தை எடுத்துத் தலையில் கவிழ்த்துவிட மாட்டார். இயந்திரமோ அத்தகையதன்று. சொன்னதைச் சொன்னபடியே செய்யும்; சொல்லாது விட்டதை ஒருபோதும் உய்த்துணராது. கணிப்பொறிக்கு நாம் எழுதி வைக்கும் கட்டளைத் தொகுதியையே மென்பொருள் என்கிறோம். இன்று வங்கிக் கணக்கும், மின்சார விநியோகமும், ரயிலின் கைகாட்டியும், மருத்துவமனையின் கருவிகளும் மென்பொருளின் சொற்படியே இயங்குகின்றன. ஆகவே, "இக்கட்டளைத் தொகுதி சரியானதுதான் என்று நாம் எங்ஙனம் அறிவது?" என்னும் வினா கணிப்பொறி வல்லுநருக்கு மட்டும் உரியதன்று, நம் எல்லோருக்கும் உரியது.

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் உள்ளன. அவ்விரண்டும் நெடுங்காலம் தனித்தனி வழியே சென்றுகொண்டிருந்தன. அவற்றை ஒன்று சேர்த்தால் விளையும் நன்மையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் பள்ளி ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கணிப்பொறி வல்லுநன் அல்லேன். ஆயினும் இவ்விரு வழிகளும் எனக்குப் புதியவையாகத் தோன்றவில்லை. ஆசிரியப் பயிற்சி பெற்ற எவருக்கும் அவை பழைய நண்பர்களே. இலக்கணம் கற்பிக்கும் முறை இரண்டு என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். எடுத்துக்காட்டுகள் பலவற்றை முதலில் காட்டி, அவற்றிலிருந்து விதியை மாணவரே வருவித்துக்கொள்ளச் செய்தல் விதிவருமுறை. விதியை முதலில் கூறி, பின்னர் அதனை எடுத்துக்காட்டுகளால் விளக்குதல் விதிவிளக்குமுறை. 

இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டால் என்ன நேரும் என்பதற்குச் சிறியதொரு சான்று கூறுகிறேன். "மரம்" என்பதோடு "வேர்" சேர்ந்தால் "மரவேர்" ஆகும்; "மரம்" என்பதோடு "அடி" சேர்ந்தால் "மரவடி" ஆகும். இவ்விரண்டை மட்டும் கண்ட மாணவன், ஈற்றிலுள்ள மகர ஒற்றை நீக்கிவிட்டால் போதும் என்று கருதி, "மரம்" என்பதோடு "கிளை" சேரும்போது "மரகிளை" என்று எழுதுவான். அவன் கண்ட காட்டுகள் பொய்யல்ல; ஆனால் அவை போதவில்லை. வல்லெழுத்து வந்தால் மிகும் என்பதை அவை அவனுக்குச் சொல்லவில்லை. மற்றொரு மாணவன் நூற்பாவை ஒரு சொல்லும் தவறாது ஒப்பிப்பான். எழுதச் சொன்னால் அவனும் "மரகிளை" என்றே எழுதுவான். விதி அவன் நாவில் இருக்கிறது. அது எந்தச் சொல்லைப் பற்றிப் பேசுகிறது என்பது அவன் கருத்தில் இல்லை. முதலாமவனுக்கு விதி வேண்டும்; இரண்டாமவனுக்குக் காட்டு வேண்டும்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். காண்டிகையுரை என்னும் உரைவகையில் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை ஆகியவை அமைய வேண்டும் என்று நன்னூல் வகுத்துரைக்கிறது. நல்லூர் ஆறுமுக நாவலர் நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்தவர். 1864ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவரும் அவரே. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பை ஏற்ற அப்பெரியார், நூற்பாவைக் காட்டின்றியும், காட்டை நூற்பாவின்றியும் விட்டுச் செல்லவில்லை.

இனி மென்பொருளுக்கு வருவோம். அங்கே விதிவழிச் செல்வோர் "ஃபார்மல் மெத்தட்ஸ்" என்னும் முறையைக் கைக்கொள்கின்றனர். நிரூபண முறை என்று நாம் அதனை வழங்கலாம். மென்பொருள் எக்காலத்தும் மீறக்கூடாத விதியைக் கணித மொழியில் எழுதி, அது மீறப்படாது என்பதை வடிவ கணிதத் தேற்றத்தைப் போல நிரூபிப்பது அம்முறை. 1967இல் ராபர்ட் ஃபிளாய்டும், 1969இல் டோனி ஹோரும் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறைக்கு அடிப்படையாயின. 

காட்டுவழிச் செல்வோர் கைக்கொள்ளும் முறைகளுள் ஒன்று "பிஹேவியர் டிரிவன் டெவலப்மெண்ட்" என்பது. நடத்தைவழிச் சோதனை என்று அதனைக் கூறலாம். டான் நார்த் என்பவர் 2006இல் இதனை விளக்கி எழுதினார். இன்ன நிலையில், இன்னது நிகழ்ந்தால், இன்னது விளைய வேண்டும் என்று எல்லோருக்கும் விளங்கும் எளிய மொழியில் சிறு சிறு காட்சிகளாக எழுதி, மென்பொருள் அவ்வாறே நடந்துகொள்கிறதா என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பது இம்முறை. இதற்கென 2008இல் "கியூக்கம்பர்", அதாவது வெள்ளரிக்காய், என்னும் வேடிக்கையான பெயருடன் ஒரு கருவி தோன்றியது. அதில் காட்சிகளை எழுதப் பயன்படும் மொழிக்கு, ஊறுகாய்ப் பிஞ்சைக் குறிக்கும் "கெர்கின்" என்னும் சொல்லைப் பெயராக இட்டனர். எழுபதுக்கு மேற்பட்ட உலக மொழிகளில் அக்காட்சிகளை எழுதலாம். அவற்றுள் தமிழும் ஒன்று என்பதை அறிந்தபோது நான் மிக மகிழ்ந்தேன். "காட்சி", "கொடுக்கப்பட்ட", "எப்போது", "அப்பொழுது", "மேலும்", "ஆனால்" என்னும் தமிழ்ச் சொற்களையே அக்கருவி கட்டளைச் சொற்களாக ஏற்றுக்கொள்கிறது.

இவ்விரு முறைகளும் எதற்கு என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்தில் எவரும் மறக்கவியலாத ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே அதனை விளக்க முற்படுகிறேன். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள் காலையில், கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே செம்மங்குப்பத்தில் உள்ள ரயில்வே கேட்டைக் கடந்துகொண்டிருந்த பள்ளி வேன்மீது, விழுப்புரத்திலிருந்து சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை செல்லும் பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவச் செல்வங்கள் உயிர் நீத்தனர். வேன் கடந்த நேரத்தில் கேட் மூடியிருக்கவில்லை. எவர் பொறுப்பு எவ்வளவு என்று ஆராய்வது விசாரணை செய்வோர் கடமை. என் பேச்சின் நோக்கம் அதுவன்று. அந்தக் கேட் அன்று பிணைப்பூட்டு இல்லாத கேட்டாக இருந்தது என்னும் ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பிணைப்பூட்டு என்பது என்ன? இன்டர்லாக்கிங் என்று ரயில்வேத் துறையினர் வழங்குவது அதுவே. பிணைப்பூட்டு இல்லாத கேட்டில், ரயிலை அனுப்புமுன் நிலைய அதிகாரி கேட் காவலருடன் தொலைபேசியில் பேசுவார். காவலர் கேட்டை மூடிவிட்டு, அதற்கு அடையாளமாக ஓர் இரகசிய எண்ணைத் திருப்பிச் சொல்வார். அவ்வெண்ணைக் குறித்துக்கொண்டு நிலைய அதிகாரி ரயிலை அனுப்புவார். இங்கே கேட்டையும் ரயிலையும் இணைப்பது மனிதரின் சொல் ஒன்றே. சொல்லும் செயலும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் கருவி இடையில் இல்லை. பிணைப்பூட்டு உள்ள கேட்டிலோ, கேட் மூடிப் பூட்டப்பட்டாலன்றிக் கைகாட்டி பச்சையாகாது. கைகாட்டி பச்சையாக உள்ளவரை கேட்டின் பூட்டுத் திறவாது. இத்தகைய பிணைப்பின் அடிப்படைக் கருத்து புதியதன்று. தண்டவாளம் பிரியும் இடங்களையும் கைகாட்டிகளையும் ஒன்றோடொன்று பிணைக்கும் இயந்திர அமைப்புக்கு, 1856ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர் காப்புரிமை பெற்றார்.

எல்லாக் கேட்டுகளுக்கும் பிணைப்பூட்டு அமைக்காதது ஏன் என்று கேட்கலாம். ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வண்டிகளின் அலகு எண்ணிக்கையால் பெருக்கி, அப்பெருக்குத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் அமைப்பது என்னும் முறை இருந்துவந்தது. செம்மங்குப்பம் விபத்துக்குப் பின், 2025 ஜூலையில், அவ்வரம்பு 20,000இலிருந்து 10,000ஆகக் குறைக்கப்பட்டது. கேட்டுகளில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தவும், தொலைபேசிப் பேச்சின் ஒலிப்பதிவுகளை அதிகாரிகள் அவ்வப்போது எடுத்துச் சரிபார்க்கவும் ஆணை பிறந்தது.

இப்போது, ஒரு ரயில்வே கேட்டை மென்பொருளே இயக்குவதாக வைத்துக்கொண்டு, அதற்குரிய காட்சிகளை நாமே எழுதிப் பார்ப்போம்.

முதற் காட்சி. கொடுக்கப்பட்ட நிலை: ரயில் எதுவும் வரவில்லை; கேட் திறந்திருக்கிறது. எப்போது: கரும்பேற்றிய டிராக்டர் ஒன்று வருகிறது. அப்பொழுது: அது தடையின்றிக் கடந்து செல்ல வேண்டும்.

இரண்டாம் காட்சி. கொடுக்கப்பட்ட நிலை: கேட் திறந்திருக்கிறது. எப்போது: ரயில் ஒன்று நெருங்குகிறது. அப்பொழுது: அது வந்து சேருமுன் கேட் மூடிப் பூட்டப்பட வேண்டும்.

மூன்றாம் காட்சி. கொடுக்கப்பட்ட நிலை: கேட் மூடியிருக்கிறது. எப்போது: ரயில் கேட்டைக் கடந்து போய்விடுகிறது. அப்பொழுது: கேட் திறக்க வேண்டும்.

இவை மூன்றும் எத்துணை எளியவை! ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டினாலும், "ஆம், இதுவே எங்களுக்கு வேண்டுவது" என்பார், அல்லது, "ஐயா, மூடும் நேரத்தில் உள்ளே அகப்பட்டுக்கொண்ட மாட்டுவண்டியை என் செய்வீர்?" என்று நாம் எண்ணாததைக் கேட்பார். எழுதுவோரும் பயன்படுத்துவோரும் ஒரே மொழியில் பேச இடமளிப்பதே நடத்தைவழிச் சோதனையின் பெருஞ்சிறப்பு.

ஆனால் இம்மூன்று காட்சிகளிலும் வெற்றி பெற்ற மென்பொருளை நம்பிவிடலாமா? இரட்டைத் தண்டவாளம் உள்ள ஓர் ஊரை எண்ணிக்கொள்ளுங்கள். தெற்கே செல்லும் ரயில் கேட்டைக் கடந்து போகிறது. மூன்றாம் காட்சியின்படி கேட் திறக்கத் தொடங்குகிறது. அதே நொடியில், மற்றைத் தண்டவாளத்தில் வடக்கே செல்லும் ரயில் நெருங்கிக்கொண்டிருக்கிறது! நம் காட்சிகள் ஒவ்வொன்றிலும் ஒரு ரயிலே வந்தது. ஆகவே இவ்விபரீதம் நம் கண்ணில் படவில்லை. "மரவேர்" கண்ட மாணவன் "மரகிளை" எழுதியது போன்றதே இது.

அப்படியானால் எல்லாக் காட்சிகளையும் எழுதிவிடுவோம் என்பீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள். கேட்டுக்கு நான்கு நிலைகள்: திறந்தது, மூடுகின்றது, மூடியது, திறக்கின்றது. ஒவ்வொரு தண்டவாளத்திலும் ரயிலுக்கு மூன்று நிலைகள்: தொலைவில், அருகில், கேட்டின்மேல். ஒவ்வொரு கைகாட்டிக்கும் இரண்டு நிலைகள். நான்கை மூன்றால் பெருக்கி, மீண்டும் மூன்றால் பெருக்கி, இருமுறை இரண்டால் பெருக்கினால் 144 நிலைகள் ஆகின்றன. இது சிறிய கேட். இரண்டு நிலைகளையுடைய சுவிட்சுகள் முப்பது கொண்ட ஒரு கருவியை எண்ணினாலோ, 107 கோடிக்கு மேற்பட்ட நிலைகள் உண்டாகும். நொடிக்கு ஒன்றாகச் சோதித்தாலும் முடிய 34 ஆண்டுகள் செல்லும்! சோதனையானது பிழை இருப்பதைக் காட்ட வல்லதேயன்றிப் பிழை இல்லை என்பதைக் காட்ட வல்லதன்று என்று நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா எச்சரித்தது இதனாலேயே.

நிரூபண முறை இவ்விடத்தில் துணைக்கு வருகிறது. மேல்நிலை வகுப்பில் கணிதத் தொகுத்தறிதல் என்னும் பாடம் படித்திருப்பீர்கள். ஒன்றுக்கு உண்மை என்று காட்டி, ஓரெண்ணுக்கு உண்மையாயின் அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று காட்டிவிட்டால், எண்ணற்ற எண்கள் எல்லாவற்றுக்கும் உண்மையாகிவிடும். பிணைப்பூட்டுள்ள கேட்டுக்கும் அங்ஙனமே செய்யலாம். விதி இது: கைகாட்டி பச்சையாயின் கேட் பூட்டியிருக்கும். தொடக்கத்தில் கைகாட்டி சிவப்பு. ஆதலால் விதி மீறப்படவில்லை. இனி விதியை மீறக்கூடிய செயல்கள் இரண்டே. ஒன்று, கைகாட்டியைப் பச்சையாக்குதல். கேட் பூட்டியிருந்தாலன்றி அது இயலாது. மற்றொன்று, கேட்டின் பூட்டைத் திறத்தல். கைகாட்டி சிவப்பாக இருந்தாலன்றி அதுவும் இயலாது. ஆகவே எச்செயலுக்குப் பின்னும் விதி நிலைபெறும். நூறு செயல்களுக்குப் பின்னும், நூறு கோடிச் செயல்களுக்குப் பின்னும் நிலைபெறும். கணக்கற்ற நிலைகளை நாம் ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை; நான்கைந்து வாக்கியங்களில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். நிரூபணத்தின் ஆற்றல் இதுவே. பெரிய அமைப்புகளுக்கு இவ்வேலையைக் கணிப்பொறியே செய்யும் வழிகளும் உண்டு. எட்மண்ட் கிளார்க், ஆலன் எமர்சன், ஜோசப் சிஃபாக்கிஸ் ஆகிய மூவரும் அத்தகைய சரிபார்ப்பு முறை ஒன்றை வளர்த்தமைக்காக 2007ஆம் ஆண்டின் டூரிங் பரிசைப் பெற்றனர். சென்னையிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும், சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதக் கழகத்திலும் இத்துறை ஆராய்ச்சி பல்லாண்டுகளாக நடைபெற்று வருகிறது.

நிரூபித்தாயிற்று, இனி அச்சமில்லை என்று எழுந்துவிடாதீர்கள். நாம் நிரூபித்த வாக்கியத்தை மறுபடியும் படியுங்கள். கைகாட்டி பச்சையாயின் கேட் பூட்டியிருக்கும் என்றோம். ரயில் கைகாட்டியைக் கடந்தவுடன் கைகாட்டி மீண்டும் சிவப்பாகிவிடுகிறது. ரயிலோ இன்னும் கேட்டை வந்தடையவில்லை. கைகாட்டிக்கும் கேட்டுக்கும் இடையே விரைந்து வந்துகொண்டிருக்கிறது. சிவப்பாக இருப்பதால் இப்போது பூட்டைத் திறக்க நம் விதி தடை சொல்லவில்லை! நிரூபணத்தில் குற்றம் எதுவும் இல்லை. நிரூபித்த வாக்கியமே போதாதது. கேட்டில் பல்லாண்டு பணியாற்றிய காவலர் ஒருவரை அழைத்து, "ரயில் வரும்போது நிகழ்வதை வரிசையாகச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால், அவர் சொல்லும் முதற் காட்சியிலேயே இக்குறை வெளிப்பட்டிருக்கும். ரயில் முழுவதும் கேட்டைத் தாண்டும்வரை பூட்டுத் திறவாதிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையையும் விதியில் சேர்த்திருப்போம்.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. எந்நாளும் திறவாமல் மூடியே கிடக்கும் கேட் ஒன்றை எண்ணுங்கள். ரயில் வரும்போது கேட் மூடியிருத்தல் வேண்டும் என்னும் விதியை அது ஒருபோதும் மீறாது. நிரூபணம் ஒரே வரியில் முடியும். ஆனால் அக்கேட்டால் ஊருக்கு என்ன பயன்? நம் முதற் காட்சியில் வந்த கரும்பு டிராக்டர் அங்கே நின்று ஒலியெழுப்பியவுடன் அந்த நிரூபணத்தின் வெறுமை விளங்கிவிடும். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் ஹைட்மையர் அம்மையாரும் உடனுழைத்தோரும், 1993இல், ரயில்வே கேட்டையே நிரூபண முறைகளுக்கு ஓர் உரைகல்லாக முன்வைத்தனர். அதில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன: ரயில் கடக்கும்போது கேட் மூடியிருத்தல் வேண்டும், ரயில் இல்லாதபோது கேட் திறந்திருத்தல் வேண்டும். முன்னது பாதுகாப்பு, பின்னது பயன்பாடு. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதே கடினம். அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் டொனால்டு நூத், ஒரு சிறு நிரலை நண்பருக்கு அனுப்பியபோது, இது சரியானது என்று நிரூபித்துத்தான் இருக்கிறேன், ஓட்டிப் பார்க்கவில்லை, எச்சரிக்கையாயிருங்கள் என்னும் பொருள்பட எழுதினாராம். நகைச்சுவையாகச் சொன்னாலும் அதிலுள்ள உண்மை பெரிது.

ஆகவே இரண்டும் வேண்டும் என்பது தெளிவு. எங்ஙனம் இணைப்பது? வகுப்பறையில் நாம் செய்வது போலவே செய்யலாம்.

முதலாவதாக, தொடர்புடையோர் அனைவரும் கூடியிருந்து காட்சிகளை எழுத வேண்டும். ஓட்டுநர், கேட் காவலர், நிலைய அதிகாரி, அந்தச் சாலையில் நாள்தோறும் செல்வோர் ஆகிய எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு. இரண்டாவதாக, அக்காட்சிகள் பலவற்றுக்கும் பொதுவாக அமைந்த விதியை வருவித்து, கணித மொழியில் எழுத வேண்டும். இது விதிவருமுறை. மூன்றாவதாக, அவ்விதி எந்நிலையிலேனும் மீறப்படுமா என்று எல்லா நிலைகளிலும் தேடும்படி கணிப்பொறியைப் பணிக்க வேண்டும். மீறப்படும் நிலை ஒன்று இருப்பின், அந்நிலைக்கு வந்து சேரும் வழியையும் அது படிப்படியாகக் காட்டும். இதனை எதிர் எடுத்துக்காட்டு என்கிறோம்.

இணைப்பின் உயிர்நிலை இந்த எதிர் எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது. கணிதத்திலிருந்து பிறந்ததாயினும் அது ஒரு கதை. இன்ன நிலையில் தொடங்கி, இன்னது நிகழ்ந்து, பின் இன்னது நிகழ்ந்து, ஈற்றில் இத்துன்பம் விளைகிறது என்று அது சொல்கிறது. ஆதலால் அதனைக் "கொடுக்கப்பட்ட", "எப்போது", "அப்பொழுது" என்னும் தமிழ்ச் சொற்களாலேயே ஒரு காட்சியாக எழுதிவிடலாம். எழுதிக் காவலரிடம் படித்துக் காட்டலாம். "இது நடக்கக்கூடியதே, நான் அஞ்சியதும் இதையே" என்று அவர் சொன்னால் மென்பொருளைத் திருத்துவோம். "இப்படி ஒருகாலும் நடவாது, இரண்டு ரயில்களை ஒரே தண்டவாளத்தில் விட்டிருக்கிறீர்களே" என்று சொன்னால், நாம் கணிதத்தில் வரைந்த படத்தைத் திருத்துவோம். எங்ஙனமாயினும் அறிவு வளர்கிறது. உண்மையென்று தேறிய அக்காட்சியைச் சோதனைத் தொகுதியில் நிலையாகச் சேர்த்துவிட்டால், பிற்காலத்தில் எவரேனும் மென்பொருளை மாற்றும்போது அப்பிழை மீண்டும் தலைகாட்டாது. கணித மொழி அறியாதவருக்கும் நிரூபணத்தின் பயன் இவ்வாறு சென்று சேர்கிறது.

இம்முயற்சி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அமேசான் நிறுவனத்தின் பொறியியலாளர், லெஸ்லி லாம்போர்ட் வகுத்த டி.எல்.ஏ. பிளஸ் என்னும் கணித மொழியைத் தம் தரவுத்தள அமைப்புகளுக்குப் பயன்படுத்தியதைப் பற்றி 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பலர் கூடி ஆராய்ந்தும், பலமுறை சோதித்தும் அகப்படாதிருந்த ஒரு பிழையைக் கணிப்பொறித் தேடல் காட்டிக்கொடுத்தது. அப்பிழைக்கு இட்டுச்செல்லும் மிகக் குறுகிய வழியே 35 படிகளையுடையது! முப்பத்தைந்து படிகளையுடைய ஒரு காட்சியை எவர்தாம் மனத்தால் கற்பித்து எழுதியிருக்க இயலும்? மறுபுறம், பாரிஸ் நகரில் 1998இல் ஓட்டுநரின்றி ஓடத் தொடங்கிய பதினான்காம் எண் மெட்ரோ ரயில் பாதையைப் பாருங்கள். அதன் பாதுகாப்பு மென்பொருள் ஜீன் ரேமண்ட் ஆப்ரியால் என்பவர் வகுத்த பீ முறையில் நிரூபிக்கப்பட்டது. நிரூபணத்தின் வலிமையால் நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் வேலையை அவர்கள் விட்டுவிட்டனர். ஆயினும் முழு அமைப்பையும் சேர்த்து இயக்கிப் பார்க்கும் சோதனையை விட்டுவிடவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் நாளை மென்பொருள் எழுதுவீர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கடலூர்க் கல்லூரிகளிலும் கணிப்பொறி பயிலும் இளைஞர்கள் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கும், இன்னும் பள்ளியில் இருப்போருக்கும் ஒரு சிறு பயிற்சி தருகிறேன். உங்கள் வீட்டில் கீழே ஒரு தொட்டி, மாடியில் ஒரு தொட்டி, இடையே நீரேற்றும் மோட்டார் ஆகியவை இருப்பதாகக் கொள்ளுங்கள். மோட்டாரைத் தானே இயக்கும் ஒரு மென்பொருளுக்கு முதலில் பத்துக் காட்சிகள் எழுதுங்கள். மின்சாரம் நின்று வருதலையும், இருவர் ஒரே நேரத்தில் குழாய் திறத்தலையும் மறவாதீர்கள். எழுதியவற்றை உங்கள் அன்னையாரிடம் படித்துக் காட்டுங்கள். நீங்கள் விட்ட ஒன்றை அவர் சொல்வார். பின்னர் விதிகளை எழுதுங்கள்: மேல்தொட்டி வழியக் கூடாது, கீழ்த்தொட்டி வறண்டிருக்கும்போது மோட்டார் ஓடக் கூடாது. இவ்விரண்டும் என்றும் மீறப்படா என்பதை, மேலே நான் கேட்டுக்குச் செய்தது போல, தொடக்கமும் ஒவ்வொரு செயலுமாக நிரூபியுங்கள். நிரூபித்து முடித்தபின் ஒன்றை நினைவிற்கொள்ளுங்கள்: ஒருபோதும் ஓடாத மோட்டாரும் இவ்விரு விதிகளையும் மீறாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும் என்னும் எளிய காட்சியே அதனைக் காட்டிக்கொடுக்கும்.

விதி, நாம் எண்ணிப் பாராத நிலைகளையும் காக்கிறது. காட்டு, நாம் எதற்காக விதி செய்கிறோம் என்பதை நமக்கு நினைவூட்டுகிறது. செம்மங்குப்பத்துச் சாலையில் அன்று காலை பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளைப் போன்றோரின் உயிர், நாளை நீங்கள் எழுதப்போகும் ஒரு கட்டளையை நம்பியிருக்கலாம். "என் காட்சிகளில் எல்லாம் சரியாக ஓடியது" என்று சொல்லி அமைந்துவிடாதீர்கள். "நான் நிரூபித்துவிட்டேன்" என்று சொல்லியும் அமைந்துவிடாதீர்கள். இரண்டையும் செய்து, கேட்டருகில் நிற்பவரிடம் அதனை அவர் மொழியிலேயே சொல்லிக் காட்டி, அவர் சரியென்று தலையசைத்த பின்னரே கையெழுத்திடுங்கள்.